முட்டையில் ஆரம்பித்த உண்ணி வாத்தியார்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் உண்ணி வாத்தியாருக்கு எதிரில் சொறிந்துகொள்ளும் தைரியம் எவனுக்கும் கிடையாது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். ஏதோ ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். நாம் சும்மா முழங்கையைத் தேய்த்தால் போதும், சட்டைப் பையிலிருந்து டார்ச்சும் முள்வாங்கியும் வெளியே வந்துவிடும்.

"அசையாதீங்க! வெடுக்குனு பிடுங்குனா உண்ணியோட வாய் உள்ளயே தங்கிடும்" என்பார். பார்த்தால் கொசுக்கடியாக இருக்கும். அவர் முகம் வாடிவிடும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கழுத்திலேயே முள்வாங்கியை வைத்துவிட்டார். மாப்பிள்ளை போட்ட அலறலில் நாதஸ்வரம் நின்றுபோனது. அது மரு.

எதைக் கேட்டாலும் முட்டையில்தான் ஆரம்பிப்பார். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். அது நாய்மேல் ஏறி ரத்தம் குடித்து, கீழே விழுந்து, தோலுரித்தால் எட்டுக் கால். மறுபடி ஏறும், குடிக்கும், விழும். கடைசியில் பெண் உண்ணி திராட்சை போல ஊதி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும்.

"நாய் வெறும் ஓட்டல்தாங்க. அதுங்க குடியிருக்கறது உங்க வீட்டுச் சுவத்துல!" என்று எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் சொன்னார். அன்றிலிருந்து ஆன்ட்டி அவரோடு பேசுவதில்லை.

தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. தினமும் காலையில் அதன் காதைப் புரட்டி உண்ணி எடுத்து ஸ்பிரிட் பாட்டிலில் போடுவார். கேட்டால் ஆராய்ச்சியாம். நாய்க்கு ரெண்டு பிஸ்கட்டும் உண்டு. பிஸ்கட் எந்த ஆராய்ச்சிக்கு சார் என்றால் கோபம் வந்துவிடும்.

ஒருநாள் அந்த நாய் சுருண்டு படுத்துவிட்டது. மூக்கிலிருந்து ரத்தம். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் அப்படி ஒழுகும், மாத்திரை கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. தெரு அதையெல்லாம் கேட்குமா?

"ஹுச்சு நாயிப்பா! வெறி புடிச்சிடுச்சி! புள்ளைங்க நடமாடுற எடம்!" என்று ஸ்டெல்லா ஆன்ட்டி கத்த, யாரோ கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒரு மாதம் கூப்பிட்டாலும் எங்கள் தெருப்பக்கம் ஒரு ஆள் எட்டிப்பார்க்க மாட்டான். நாய் பிடிக்கும் வண்டி மட்டும் மத்தியானத்துக்குள் வந்து நின்றது. அதில் ஏறிய நாய் எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

வாத்தியார் கையில் மாத்திரையோடு ஓடி வந்தார். "வெறி இல்லப்பா, இது உண்ணிக் காய்ச்சல்!"

சுருக்குக் கம்பி வைத்திருந்தவன் நல்ல மனுஷன். வளர்ப்பு நாயை அவர்கள் தொடமாட்டார்கள். "யார்து சார் நாயி? உங்களுதா? ஆமான்னு சொல்லுங்க, விட்டுட்டுப் போறோம்" என்றான்.

ஒரு 'ஆமா' போதும். படித்த மனுஷன் பொய் சொல்வாரா?

"யாருதும் இல்லப்பா. ஆனா விஷயம் என்னன்னா, முதல்ல பெண் உண்ணி முட்டை போடும்..."

குஞ்சுக்கு ஆறு கால் வந்தபோது சுருக்கு கழுத்தில் விழுந்தது. எட்டுக் கால் வருவதற்குள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வேடிக்கை பார்த்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வண்டிக்குப் பின்னால் பஸ் ஸ்டாப் வரை ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பில்லை. மாத்திரை உள்ளங்கை வியர்வையில் கரைந்திருந்தது.

"என் நாய்னு சொல்லியிருக்கணும், இல்ல?" என்றார்.

"ஆமா சார்."

அது அவர் நாய்தான் என்று தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவம், சின்னக் குழந்தையைப் போல அழுதார். கையைப் பிடித்து வீடு வரை கூட்டி வந்தேன்.