கோகோ தோட்டத்தின் எல்லையும் என் இடது கையும்

குமாசியில் இருக்கும் தாய்மாமா என்தியாமோவா அவர்களுக்கு, மருமகன் யாவ் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும், என்னை நம்பி நீங்கள் விட்டுப்போன கோகோ மரங்களும் சுகம். உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அந்த முழங்காலோடு சமாதானம் பேச இங்கே புறப்பட்டு வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் மாமியாரை ஊரறிய அவமதித்துவிட்டதாக, இங்கிருந்து குமாசிக்கு வரும் லாரிக்காரன் சொல்லியிருப்பான். அவன் சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல.

நம் கோகோக் கொட்டையை வாங்கும் சங்கத்திலிருந்து எஃபுவா என்ற பெண் வந்தாள். ஐரோப்பாவில் சாக்லேட் செய்கிறவர்கள் இனிமேல் எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று தெரியாமல் ஒரு மூட்டைகூட வாங்கமாட்டார்களாம். 2020க்குப் பிறகு காட்டை வெட்டிப் போட்ட தோட்டம் என்றால் வேண்டவே வேண்டாமாம். அதனால் எல்லையைச் சுற்றிக் கைபேசியோடு நடக்க வேண்டும், நடந்த வழி கோடாக விழும், அந்தக் கோட்டை வானத்திலிருந்து எடுத்த படத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லி, படத்தைக் காட்டினாள். மாமா, படத்தில் நீங்கள் நட்ட மரங்களின் தலைகளெல்லாம் தெரிகின்றன. நம் கூரையில் போன மாதம் நான் மாற்றிய ஒற்றைத் தகரம் பளபளக்கிறது. என் வாழ்நாளில் என்னை இவ்வளவு தீர யாரும் விசாரித்ததில்லை, பெண் கொடுத்தவர்கள்கூட. மறுநாள் காலை, என் கல்யாணத்துக்கு நீங்கள் தந்த துணியைப் போர்த்திக்கொண்டு போய் நின்றேன்.

“என்னங்கய்யா, விருந்துக்குக் கிளம்பிட்டீங்களா?” என்றாள் எஃபுவா.

“மேலேருந்து பாக்குறாங்கன்னு நீதானம்மா சொன்னே?”

“அது மரத்தைத்தான் பாக்கும், உங்க துணியை இல்ல. நடங்க.”

பாதி வழியில் அவள் பூட்ஸ் ஓடைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. கைபேசி என்னிடம் இருந்ததால் நான் எல்லைச் செடிகளைப் பார்த்துக்கொண்டே தனியாக நடந்தேன். எல்லைக்கு அப்பால் காட்டுக்குள் பனங்கள் இறக்குகிறவர் உட்கார்ந்திருந்தார். முகம் பார்த்தபின் வணக்கம் சொல்லாமல் போக நான் என்ன ஆடா மாடா? உள்ளே போய்க் கை குலுக்கி, வந்த காரியத்தை முறைப்படி சொல்லி, அவர் ஊற்றிய கள்ளை மறுக்காமல் குடித்து, வந்த வழியை விட்டு வேறு வழியாகத் திரும்பினேன். திரையில் பார்த்தால் நம் தோட்டம் பிடி வைத்த சட்டியாக இருக்கிறது. பிடி அரசாங்கக் காட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. முழுக்கச் சிவப்பு. சேற்றிலிருந்து மீண்டுவந்த எஃபுவா திரையைப் பார்த்துப் பதறினாள்:

“ஐயோ, காட்டையும் சேர்த்துல்ல வளைச்சிருக்கீங்க! இப்படியே அனுப்புனா உங்க கொட்டை மட்டுமில்ல, சங்கத்துல இருபத்தேழு பேரோட மூட்டையும் நின்னுடும். எல்லாம் ஒண்ணாத்தான் கலந்து கப்பலுக்குப் போகுது.”

மாமா, நாற்பது வருடம் நிழல் மரம்கூட வெட்டாத உங்களுக்குக் காடழித்தவர் என்ற பெயரா, அதுவும் என் காலால்? மறுபடி நடந்தேன். “யார் கூப்பிட்டாலும் செடியை விட்டு ஓரடி விலகக் கூடாது” என்று எஃபுவா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வலது கையில் கைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டேன். எல்லையை ஒட்டித்தானே மாமியார் போமாவின் வீடு? அவர் நாலு பெண்களோடு வாசலில் ஃபுஃபு களிக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கை இடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க!”

நான் நிற்கவில்லை.

“மாப்பிள்ளை! உங்களைத்தான்!”

ஒன்றும் செய்யாமல் போவது பாவமாயிற்றே என்று கையை ஆட்டினேன். ஆட்டியது இடது கை, மாமா. உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது.

அன்றைக்கே ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். “பத்து வருசமா சோறு போட்ட எனக்கு இடது கையைக் காட்டிட்டுப் போறான், நாயை விரட்டுற மாதிரி!” என்றார் மாமியார். நான் மன்னிப்புக்காக ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயமும் ஓர் ஆடும் வைத்து மண்டியிட்டேன். நல்லவேளை, எஃபுவா ஓடிவந்து, யாருக்காகவும் விலகக் கூடாதென்று சொன்னது தான்தான் என்று விளக்கிப் படத்தைக் காட்டினாள்: நம் தோட்டம் முழுக்கப் பச்சை! மாமியார் குனிந்து பார்த்தார். தன் வீட்டுக் கூரையைக் கண்டதும் கோபம் மறந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“என் தோட்டத்தையும் இது பாக்குமா?”

“உங்களதை அடுத்த வாரம் நடக்குறோம்மா.”

“அப்போ நானும் யாருக்கும் வணக்கம் சொல்லக் கூடாதா?” என்று சிரித்தேவிட்டார். ஆடும் ஏற்கப்பட்டது, நானும் ஏற்கப்பட்டேன். ஆகவே நீங்கள் சமாதானம் பேச வரவேண்டியதில்லை. நிம்மதியாகக் காலை நீட்டி உட்காருங்கள். உங்கள் வாழ்த்து எங்கள் மரங்கள்மேல் மழையாக விழட்டும்.

பணிவுள்ள மருமகன்,
யாவ் பாதியாக்கோ

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாமியார் எங்கள் வேலியோரமாகப் போனார். எழுந்து வணக்கம் சொன்னேன். வாய் திறக்காமல் இடது கையை ஆட்டிவிட்டு நேராக நடந்தார். “பாத்தியா, உங்கம்மா எவ்வளவு கவனமா எல்லை நடக்குறாங்க!” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா வலது கையில கைபேசியே இல்லியே” என்றாள். மாமா, முழங்கால் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த லாரியிலேயே ஏறி வாருங்கள்.