பதினேழாம் பக்கம்

எங்கள் சாரிதெரேயில் ஒரு கல்யாணம் செல்லுபடியாக மூன்று சங்கதிகள் வேண்டும். பெண்ணின் சம்மதம், பையனின் சம்மதம், நகராட்சித் தலைவர் ஃபெரிதுன் பே எழுதிய நாவலின் முதல் அத்தியாயம். முதல் இரண்டும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஃபெரிதுன் பே பிறவி எழுத்தாளர் அல்ல, பிறவி குமாஸ்தா. நிலப்பதிவு அலுவலகத்தில் இருந்தபோது ஆளுநரின் வருகைக்கு ஒரு வரவேற்புக் கவிதை வாசித்தார். ஆளுநர் தூங்கிப்போனார். திடுக்கிட்டு விழித்தவர், வெட்கத்தில் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். ஃபெரிதுன் பேக்கு இலக்கியமும் அரசியலும் ஒரே மேடையில் பிறந்தன. அப்புறம் மூன்று முறை கட்சி மாறினார். மாறும்போதெல்லாம் ஒரு புத்தகம் போடுவார். பழைய கட்சியில் தன் ஆன்மா பட்ட பாடுதான் எப்போதும் விஷயம். நான்காவது கட்சி ஆட்சிக்கு வந்ததும் ஆன்மா பூரண குணமடைந்தது. உடனே நாவல்! ‘நெஞ்சின் எல்லைக்கற்கள்’, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், தோல் அட்டை.

தண்ணீர் இணைப்பு கேட்டுப் போனால் ஒரு பிரதி, வீட்டு வரைபடத்துக்கு ஒன்று, செத்தவருக்குக் குழி ஒதுக்கினால் துக்க வீட்டுக்கு ஒன்று. எல்லார் வீட்டிலும் அது கண்ணாடி அலமாரியில், காபிக் கோப்பைகளுக்கு நடுவே, லேஸ் துணிமேல் நிற்கும். வரவேற்புக்கு விருந்தாளியின் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைநீர் ஊற்றும்போதே, “அந்த முடிவு இருக்கே...” என்று பெருமூச்சு விடுவோம். விருந்தாளியும் விடுவார். நாகரிகம் என்றால் அதுதான்.

என் மகள் யெலிஸுக்கு நாகரிகம் போதாது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்தப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

“அம்மா, இதுல...”

“மூடி வை. லேஸ் கசங்குது.”

மாப்பிள்ளை செர்ஹாத் சரக்குக் கப்பலில் வேலை செய்பவன். கல்யாணம் சனிக்கிழமை, கப்பல் திங்கட்கிழமை, திரும்பி வர எட்டு மாதம். சனிக்கிழமை தவறினால் என் மகள் மாமியார் வீட்டுக்குப் போகாமல் எட்டு மாதம் என்னோடு இருக்க வேண்டும். இதில் யாருக்கு அதிக ஆபத்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நகராட்சி மண்டபத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். ஃபெரிதுன் பே சிவப்பு அங்கியில் வந்து முதல் அத்தியாயத்தை வாசித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வழக்கம்போல் மணப்பெண் பக்கம் ஒலிவாங்கியை நகர்த்தினார்.

“சொல்லும்மா, நம்ம நாவல் பிடிச்சுதா?”

“இல்லை” என்றாள் யெலிஸ்.

திருமணப் பதிவாளர் முஸாஃபர் பதிவேட்டைப் பட்டென்று மூடினார்.

“என்னங்க மூடிட்டீங்க?” என்றேன்.

“கல்யாண மேசையில பொண்ணு ‘இல்லை’ன்னு சொல்லிட்டா சடங்கு நின்னுடும், அம்மா. விளையாட்டுக்குச் சொன்னாலும் சரி. புது விண்ணப்பம், புது ரத்தப் பரிசோதனை, புதுத் தேதி.”

“அவ புஸ்தகத்தைத்தான் சொன்னா!”

“எதைச் சொன்னான்னு பதிவேட்டுல கட்டம் இல்லை.”

ஃபெரிதுன் பேக்குச் சட்டம் காதில் விழவில்லை. “என்னம்மா பிடிக்கலை? நடையா? கருவா?”

“பதினாறாம் பக்கத்துக்கு அப்புறம் ஒண்ணுமே அச்சாகலைங்க. எல்லாம் வெள்ளைத் தாள்.”

அவர் கையிலிருந்த பிரதியைப் புரட்டினார். நான்கு வருடமாக முதல் அத்தியாயத்தையே வாசித்து வந்த மனிதர், பதினேழாம் பக்கத்தை அன்றுதான் பார்த்தார். முகமும் அந்தப் பக்கத்தின் நிறத்துக்கு மாறியது.

முஸாஃபர்தான் வழி கண்டுபிடித்தார். “புஸ்தகம் முழுசா இருக்குன்னு சாட்சி சொன்னா, பொண்ணு கல்யாணப் பதற்றத்துல உளறினதா ஆகும். உளறல் ‘இல்லை’ ஆகாது. பதிவேட்டைத் திறந்துடலாம். யாராவது முழுக்கப் படிச்சவங்க...?”

இருநூற்றுச் சொச்சம் பேர் தங்கள் காலணிகளை ஆராய்ந்தார்கள். எனக்குத் திங்கட்கிழமைக் கப்பல் கண்ணில் நின்றது. கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பொய்க்கு முழங்கால் போட்டவள் நான். எழுந்தேன்.

“நான் ரெண்டு தரம் படிச்சேன். இருநூறாம் பக்கத்துல அழுதேன்.”

அப்புறம் வெள்ளம்தான். மருந்துக்கடைக்காரர், “முடிவு ஆரம்பத்தை விட அருமை!” என்றார். வட்டாரக் கல்வி அதிகாரி, “கடைசி அத்தியாயத்தைப் பாடத்துல சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்” என்றார். எல்லாரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளையும் போட்டான்.

“நீயுமா?” என்றாள் யெலிஸ்.

“கப்பல் போயிடும்டி.”

பதிவேடு திறந்தது. இருவரும் சம்மதம் சொன்னார்கள். சம்மதம் சொன்னதும் பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பது எங்கள் வழக்கம், வீட்டில் யார் கை ஓங்கும் என்பது அதில் தெரியும். யெலிஸ் அவன் காலை மிதித்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து என் காலையும் மிதித்தாள்.

ஃபெரிதுன் பே நேர்மையானவர். விடுபட்ட பக்கங்களை எழுதி இரண்டாம் பதிப்பு போட ஏற்பாடு செய்தார். முஸாஃபர் தடுத்தார்.

“முடியாதுங்க, தலைவரே. இருக்கிறபடியே முழுசுன்னு இருநூத்திப் பதினோரு பேர் கையெழுத்து இருக்கு. ஒரு வரி சேர்த்தாலும் சாட்சியெல்லாம் பொய்யாகும், அந்தக் கல்யாணமும் செல்லாது.”

ஆக இரண்டாம் பதிப்பும் பதினாறு பக்கத்தோடு, இருநூற்றுத் தொண்ணூற்றாறு வெள்ளைப் பக்கத்தோடு வந்தது. தலைநகரத்து விமர்சகர்கள் ‘மௌனத்தின் புதிய நடை’ என்றார்கள். இப்போது இளம் கவிஞர்கள் தலைப்பை மட்டும் எழுதுகிறார்கள். ஃபெரிதுன் பே நாடாளுமன்றம் போய்விட்டார். அங்கும் அதே நடைதான், நல்ல பெயர். நானும் அவருக்குத்தான் வாக்களித்தேன். மகளின் கல்யாணம் செல்ல வேண்டாமா?

இதையெல்லாம் எங்கே எழுதிவைப்பது, யார் கண்ணிலாவது பட்டால் வம்பாயிற்றே என்று கொஞ்ச நாள் யோசித்தேன். பிறகு அலமாரியைத் திறந்து, பதினேழாம் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். இந்த நாட்டில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.