வளைவில் நிற்கும் கார்

கார் மறுபடியும் தானாக நின்றது.

கண்ணையன் பிரேக்கைத் தொடவே இல்லை. நின்ற வேகத்தில் மனைவி ஜெயாவின் மடியில் இருந்த கீரைக்கட்டு பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதியது. ரோட்டில் ஆடு இல்லை, மாடு இல்லை, சைக்கிள்கூட இல்லை. வளைவும் வேப்பமரமும்தான் கண்ணில் பட்டன. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கண்ணடித்துவிட்டு அணைந்தது.

"நேத்தும் இதே எடம்தான்," என்றாள் ஜெயா.

"அது எனக்குத் தெரியாதா?"

"பேனர் வெச்சப்பவே சொன்னேன். அறுபதாம் கல்யாணம்னா நாலு பேருக்கு சோறு போடணும். ஆளு ஒசரத்துக்குப் போட்டோ அடிச்சி ரோட்டுல நிறுத்துனா ஊரு கண்ணு படாம இன்னா பண்ணும்? அதுலயும் என் மூஞ்சக் காணோம்."

"நானா வெக்கச் சொன்னேன்? எல்லாம் ஒம் மருமவன் வேல."

உயிரோடு இருப்பவனுக்கு எதற்குப் பேனர் என்று கண்ணையனுக்கே அதில் வெட்கம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைக் கரும்புக் கொல்லைப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கார் அவருடையது இல்லை. சம்பந்தி அரிகரன் புதிதாக வாங்கியது. மகள் மகாலட்சுமி நிறைமாதமாகக் குருவிநத்தத்துக்கு, தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். "வலி எடுத்தா ஆட்டோவுல போவாதீங்க. வண்டி ஒங்க வூட்லயே நிக்கட்டும்," என்று சம்பந்தி விட்டுப் போயிருந்தார். எதிரே ஏதாவது வந்தால் வண்டியே பிரேக் போடும் என்று பெருமையாகவும் சொன்னார். கண்ணையனுக்கு அப்போதே பிடிக்கவில்லை. டிராக்டர் ஓட்டிய கால் அவருடையது. "எனக்குக் கால் இருக்கு. வண்டிக்கு எதுக்குக் காலு?" என்று கேட்டார்.

இப்போது வண்டியின் அந்தக் கால்தான் அவரைத் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னொரு வழியான ஆற்றோரப் பாதையில், கரும்பு லாரிகள் வெட்டிய குழியில் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலையே இருக்காது, பிரசவம் வழியிலேயே முடிந்துவிடும். வளைவில் இப்படி ஒரு குலுக்குக் குலுக்கினால் பிள்ளைத்தாய்ச்சி தாங்குவாளா?

வண்டியை வில்லியனூருக்கு ஓட்டிப்போனார். மெக்கானிக் அன்புராஜ் ஒரு ஒயரைச் சொருகிக் கையிலிருந்த சோதனைப் பெட்டியைப் பார்த்தான்.

"கண்ணாடி மேல கேமரா இருக்கு பெரியவரே. முன்னாடி ஆள் நின்னா, நீங்க மிதிக்கலன்னாலும் அதுவே மிதிக்கும்."

"ஆளே இல்லாத எடத்துல மிதிக்குதேப்பா."

"அது அப்பிடி மிதிக்காது."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

அன்புராஜ் வண்டியை எடுத்து வில்லியனூர் முழுக்க ஓட்டினான். எங்கேயும் நிற்கவில்லை. ஆனாலும் கேமராவைத் துடைத்து, ஏதோ சரிசெய்து கொடுத்தான். "இப்ப இன்னும் நல்லா பாக்கும்," என்றான்.

நன்றாகத்தான் பார்த்தது. முன்பெல்லாம் வளைவில் மரத்தடிக்கு வந்து நின்ற வண்டி, இப்போது அதற்கு ரொம்ப முன்னாலேயே நின்றது. இன்னும் பலமாக.

"படிச்சவன் கை வெச்சா இப்பிடித்தான்," என்று கண்ணையன் அந்தக் கேமராவின் மேல் வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினார். சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. கார் வாசலிலேயே கூவ ஆரம்பித்தது. பதறிப்போய் அவர் பிளாஸ்திரியைப் பிய்ப்பதற்குள் தெருவே கூடிவிட்டது.

ஜெயா எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டு மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேற எங்கயும் நிக்கல, வேப்பமரத்தாண்டதான் நிக்குதுன்னா இன்னா அர்த்தம்? மரத்துல ஆத்தா எறங்கியிருக்கா."

"வாய மூடு. எந்த ஆத்தாவும் இல்ல," என்றார் கண்ணையன்.

"அப்ப நீயே சொல்லு, யாருக்கு நிக்குது?"

கண்ணையன் பிய்த்த பிளாஸ்திரியை உருட்டி எறிந்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் மரத்துக்கு மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி கட்டினார்கள். ஜெயா பூசணிக்காய் உடைத்தாள். வண்டி நிற்பதைப் பார்க்க ஊர் ஜனம் ரோட்டிலேயே நின்றது. ஜனம் நின்றதால் வண்டி இன்னும் முன்னாலேயே நின்றது. "பாத்தியா, ஆத்தாவோட எல்ல பெருசாவுது," என்றாள் மணியம்மாள்.

எதையும், எவனையும் நம்பாத கண்ணையனுக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. கண் இல்லாத இரும்பு, வாய் இல்லாத இரும்பு. அதற்குத் தெரிந்தது இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போனதே என்று நினைத்தார். அதன்பிறகு வளைவு வந்தால் காருக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிடுவார்.

மகாலட்சுமிக்கு நண்பகலில் வலி எடுத்தது.

பின்சீட்டில் அவள் தாயின் கையைப் பிடித்து முறுக்கினாள். "அப்பா, சீக்கிரம் போப்பா."

"போறேம்மா."

அவர் வேகமாகப் போகவில்லை. நடை வேகத்தில்தான் ஓட்டினார். வளைவு வந்தது. சேதி தெரிந்து ஜனம் ரோட்டோரம் ஒதுங்கி நின்றது. மரத்துப் பக்கம் ஏணி போட்டு எவனோ ஏதோ வேலை செய்துகொண்டிருந்தான். அவனை யார் பார்த்தார்கள்?

"தாயே," என்றார் கண்ணையன், வாய்க்குள். "நான் நம்பல, தப்புதான். என்ன இன்னா வேணா பண்ணு. இன்னிக்கி மட்டும் எம் பொண்ணுக்கு வழி வுடு."

கார் நிற்கவில்லை.

விளக்குகூட எரியவில்லை. வாய்க்கால் தண்ணீர் மாதிரி வளைவில் வழிந்து போனது. பின்னால் பெண்கள் குலவை போடுவது கேட்டது. கண்ணையனுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு, பாகூரைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். சம்பந்தி அரிகரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் கதையைக் கேட்டுத் தன் காரைப் பார்த்தே ஒரு கும்பிடு போட்டார். மரத்தடியில் கோயில் கட்ட முதல் செங்கல் தன்னுடையது என்றார்.

அந்த நேரம் பாகூர் பேனர்க்காரன் சேவியர் குழந்தையைப் பார்க்க வந்தான். கக்கத்தில் ஏதோ சுருட்டி வைத்திருந்தான்.

"வாடா சேவியர். நீயும் கேளு," என்றார் கண்ணையன். "மெக்கானிக் இன்னா சொன்னான்? முன்னாடி ஆளு நின்னாத்தான் வண்டி நிக்குமாம். அங்க ஒரு ஆளும் கெடையாது. ஆத்தா இல்லாம வேற யாருக்குடா நின்னுது?"

சேவியர் சுருளை வராந்தாச் சுவரில் சாய்த்து விரித்தான். வெள்ளை வேட்டியில், ஆள் உயரத்துக்கு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கண்ணையன் நின்றார்.

"ஆளு இல்லன்னு யாரு சொன்னது மாமா? இன்னிக்கி மத்தியானம் நான் ஏணி போட்டுக் கழட்டுற வரைக்கும் நீதான அங்க நின்னுக்கினு இருந்த?"