கீச்சுச் சத்தத்துக்கு ஒரு ஒயர்

மொந்தேவிதேயோ,
ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை.

மரியாதைக்குரிய மச்சான் இலாரியோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் அன்செல்மோ பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் பால்கனிச் செடிகளும் சுகம். பைசாந்தூவில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமா, முதுகுவலி எப்படி என்று தெரிவிக்கவும். உங்கள் தங்கை டெல்ஃபினாவின் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. அவள் இந்நேரம் குடுவையில் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, உங்கள் தோளுக்கு மேலே எட்டி இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். படிக்கட்டும். நான் அவளிடம் பேசவில்லை, உங்களிடம்தான் பேசுகிறேன்.

நடந்ததை அவள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். உண்மையை நான் சொல்கிறேன். கிளப் ஆண்டு விழா நெருங்கும்போது அவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். காயம் ஆறும்வரை, கிளப் வாத்தியக் குழுவில் அவள் ஊதுகிற கிளாரினெட்டை வாயில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழுவை நடத்துகிற வாஷிங்டன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார், இவளோ சமையலறையில் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை மச்சான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்க ஒயர் சொருகியவன் நான், ஓய்வு பெற்றபின் வாங்கிய, மின்சாரத்தில் சத்தம் எழுப்புகிற சிந்தசைசர் பெட்டிகள் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. "அழாத டெல்ஃபி, உன் கிளாரினெட்டை நான் கட்டித் தர்றேன்" என்றேன். இதில் என்ன குற்றம் கண்டாள், நீங்களே சொல்லுங்கள்.

மற்றவர்களானால் ஒரு கிளாரினெட்டைப் பதிவு செய்து அதையே ஓட்டிவிட்டுப் போவார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு பெட்டியில் வெறும் இரைச்சலை எழுப்பினேன், அது ஊதுகிறவர் காற்று. அந்தக் காற்றைத் தடுத்துத் தடுத்து விடுவது இன்னொரு பெட்டி, அது சீவாளி. உள்ளே போனது கடைசிவரை போய் மோதித் திரும்பி வரும்படி ஒரு சுற்று, அதுதான் குழாய். ஒயரோடு ஒயரைக் கோத்துக் கட்டிய வாத்தியம். சத்தம் சுத்தமாக வந்தது, ஆனால் வாசல் மணி மாதிரி இருந்தது. ஊதுகிற ஆள் அதற்குள் இல்லை. அதனால்தான் மத்தியானம் அவள் தூங்கும்போது மூக்கருகே மைக்கைப் பிடித்தேன். பாதியில் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் மனுஷா, நான் செத்துட்டேனான்னு பாக்குறியா?"

"இல்ல டெல்ஃபி, உன் காத்துல ஈரம் ஜாஸ்தி. அதைத்தான் பிடிக்கப் பாக்குறேன், அசையாம படு."

தலையணையை எறிந்தாள். ஆனாலும் மூச்சு கிடைத்துவிட்டது. சுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே அவசரமாக இழுப்பாளே, அதே மூச்சு. கீழ்ச் சுரத்திலிருந்து மேலே தாவும்போது காலங்காலமாக அவளுக்கு ஒரு கீச்சு வருமே, அதற்கும் தனியாக ஒரு ஒயர் போட்டேன். தாவுகிற நேரம் பார்த்து அந்த ஒயர் காற்றை ஒரு மயிரிழை அதிகமாகத் தள்ளும். உண்மையைக் கட்டுவது என்றால் முழு உண்மையையும் கட்டவேண்டாமா? பாதி உண்மையை வைத்து நான் எந்த லைனையும் கொடுத்தவனில்லை.

விழா அன்று அவள் மேடையில் கிளாரினெட்டை உதட்டில் வைத்து விரலை மட்டும் ஆட்டவேண்டியது, திரைக்குப் பின்னால் நான் வாசிக்கவேண்டியது. ஏற்பாடு அவ்வளவுதான். மிலோங்கா நடன இசை தொடங்கியது. ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். என் பெட்டி பாடியது பாருங்கள், எனக்கே கண் கலங்கியது. அப்புறம் அந்தத் தாவல் வந்தது. கீச்! ஹால் முழுக்கச் சிரிப்பு. "அதோ பாரு, நம்ம டெல்ஃபினா வந்துட்டா!" என்று யாரோ கத்த, எல்லாரும் கைதட்டினார்கள். பாசத்தில்தான் தட்டினார்கள் மச்சான், சத்தியமாக. அவள் கிளாரினெட்டை மடியில் இறக்கி வைத்துவிட்டாள். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? நான்பாட்டுக்கு மேலும் இரண்டு கீச்சுவரை வாசித்துக்கொண்டே போனேன்.

வீடு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஜென்மத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் நான் தப்பே பண்ணல. வாயவே திறக்கல. இன்னைக்கும் எனக்குக் கீச்சா?"

காலையில் மாத்தே ஊற்றிக் கொடுத்தேன். முதல் சுற்றிலேயே குடுவையைத் திருப்பி நீட்டி, "நன்றி" என்றாள். நம் ஊரில் மாத்தேக்கு நன்றி சொன்னால் இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் முதல் சுற்றில் அவள் நன்றி சொன்னதே இல்லை. மத்தியானம் கிளாரினெட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது உங்கள் மூலமாக உத்தரவு அனுப்பியிருக்கிறாள், ஒயர்களையெல்லாம் பிடுங்கினால்தான் வருவேன் என்று. முடியாது. இந்தப் பெட்டிகளுக்கு ஞாபகம் கிடையாது மச்சான். ஒயரைப் பிடுங்கினால் அந்தச் சத்தம் போனது போனதுதான், நானே நினைத்தாலும் திரும்பக் கட்டமுடியாது. அணைக்கவும் முடியாது. சூடு ஆறினால் சுருதி கலையும். அதனால்தான் அவள் போன நாள்முதல் அணைக்காமல் ஓட விட்டிருக்கிறேன். யாரும் வாசிக்காதபோது மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருக்கும், அது தொழில்நுட்பத்தின் இயல்பு. நேற்று பக்கத்து வீட்டு மில்ட்டன் கதவைத் தட்டி, "டெல்ஃபினா வந்துட்டாங்களா? சுவருக்கு அந்தப்பக்கம் மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சே" என்றான். "மெஷின்யா, போய் வேலையைப் பாரு" என்றேன். மழை நாளாச்சே என்று மாவைத் தட்டிப் பொரித்து வைத்திருந்தேன். ரெண்டு பேருக்கான அளவு கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, பாதியை அவனிடமே கொடுத்தேன்.

ஆகவே நீங்கள் மூத்தவராக இருந்து அவளுக்கு எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்கவும். விஞ்ஞானத்தை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உங்கள் குடும்பம் குறைவில்லாமல் இருக்கவும், உங்கள் முதுகு நிமிரவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் மேல் எந்தக் கோபமும் இல்லாத,
அன்செல்மோ

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுருதி கலையும் என்றது பொய் மச்சான். அரை மணி நேரம் ஓடினால் தானாகச் சூடேறிச் சேர்ந்துவிடும். வீட்டில் அவள் மூச்சுச் சத்தம் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, அதற்காகத்தான் ஓட விட்டேன். இப்போது எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டேன். வீடு அப்படியே அடங்கிப்போய்க் கிடக்கிறது, பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லுங்கள், வரும்போது கிளாரினெட்டை மறக்காமல் எடுத்து வரட்டும். பல் ஆறினபிறகு வாசித்தால் போதும், அவசரமில்லை. தப்பாகவே வாசிக்கட்டும். அந்தக் கீச்சு ஒயர் எந்தத் துளையில் இருந்ததென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.