ஃபிட்டரின் தாகம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து யாராவது வேலைக்கு நேரத்தோடு போயிருந்தால், அதற்காக அவர்கள் நன்றி சொல்ல வேண்டியது ஒரு மனிதரின் மூத்திரப்பைக்குத்தான். அந்த மனிதர் ஃபிட்டர். பஞ்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அம்மா அப்பா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

நான் அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே அவர் தனியாக. மனைவி காலமாகிவிட்டார், மகள் விழுப்புரத்தில். ராத்திரி பன்னிரண்டுக்கு முதல் முறை எழுவார். கொல்லைப்புறம் போய்வந்து ஒரு பித்தளைச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். குடித்த தண்ணீர் ஒன்றரைக்கு எழுப்பும். அப்புறம் மூன்று. அப்புறம் நாலு. வேறு யாராவது என்றால் புலம்பியிருப்பார்கள். ஃபிட்டரோ, "முழிச்சதுதான் முழிச்சோம், நாலு பேருக்கு ஒதவுவோம்" என்று தெருவை எழுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார்.

மூன்று மணி முழிப்பு கண்ணம்மாவுக்கு. அவர் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். அவர் கதவில் சொம்பால் மூன்று தட்டு. நாலு மணி முழிப்பில் இரண்டு வேலை. முதலில் எதிர்வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா அக்காவுக்கு மெதுவாக இரண்டு தட்டு. அப்புறம் ஃபேக்டரியில் முதல் ஷிஃப்டுக்குப் போகும் எனக்கு, கொல்லைப்புறத்து இரும்புப் படிக்கட்டில் சொம்பை வைத்து டங்கு டங்கு என்று அடி. என்னிடம் அலாரம் கடிகாரம் இருந்தது. ஆனால் அதை அமுக்கிவிட்டுத் தூங்கலாம். ஃபிட்டரை அமுக்க முடியாது.

தட்டியதும் "போன்ழூர்!" என்பார். மில்லில் பழைய மேலதிகாரி ஒருவரிடம் கற்ற ஒரே பிரெஞ்சு வார்த்தை அது, வணக்கம் என்று அர்த்தம். ஆனால் அந்த நேரத்தில் அவர் வாய் காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாதிதான் வெளியே வரும். ஆகவே விடியுமுன் எங்கள் கதவுக்கு வெளியே ஒரு கம்மிய குரல், "போ!" என்று கட்டளையிடும். நாங்களும் போவோம்.

"ஏன்ணே இப்பிடி வாய் காயுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஞ்சுத் தூசி தம்பி. முப்பது வருஷத் தூசி தொண்டையில அடச்சிக் கெடக்குது. மில்லு சூடு வேற ஒடம்புல தங்கிப்போச்சு. மெஷின் சூடானா தண்ணி ஊத்தணும்ல?"

தண்ணீரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தூசியைக் கரைக்க, பகலில் மூன்று நான்கு பாட்டில் கலர் சோடா குடிப்பார். படுக்கும்போது வாய் ஈரமாக இருக்கட்டும் என்று கன்னத்தில் ஒரு கற்கண்டு. எவ்வளவு குடித்தாரோ அவ்வளவு தாகம். எவ்வளவு தாகமோ அவ்வளவு கலர்.

கடைசியில் ஸ்டெல்லா அக்காதான் கவனித்தார். ஃபிட்டரின் சட்டை கொடியில் காய்வதுபோல அவர் மேல் தொங்க ஆரம்பித்திருந்தது.

"ஃபிட்டரண்ணே, ராத்திரி எத்தினி வாட்டி எழுந்திருக்கிறீங்க?"

"இப்பல்லாம் அஞ்சு" என்றார் ஃபிட்டர், பரிசு வாங்கியவர்போல.

"அது சுகரா இருக்கும்ணே. நாளைக்கு என்கூட வாங்க, ரத்தம் பாத்துரலாம்."

ஃபிட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "சக்கர வியாதியா? அது உக்காந்து திங்கிறவனுக்கு வர்றதும்மா. நான் ஒழைச்ச ஒடம்பு. இன்னைக்கி ராத்திரி ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன். எப்பிடி எழுந்திருக்கேன்னு பாத்துர்றேன்." தெருவெல்லாம் போய், அவரவர் ஏற்பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளும்படி அறிவித்துவிட்டு வந்தார்.

"தண்ணிய நிறுத்தாதீங்கண்ணே, அது ஆபத்து!" என்று ஸ்டெல்லா அக்கா கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

அன்று ராத்திரி படிக்கட்டில் டங்கு டங்கு என்று சத்தம். சபதத்தில் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். பல் துலக்கி, யூனிஃபார்ம் மாட்டி, தலை சீவிக்கொண்டு இறங்கினேன். சத்தம் நிற்கவில்லை. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி மட்டும் கூடிக்கொண்டே போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி.

கடைசிப் படியடியில் ஃபிட்டர் சரிந்து கிடந்தார். தண்ணீரை நிறுத்தினால் மட்டும் மூத்திரம் நின்றுவிடவில்லை. மூன்றாவது முறை கொல்லைக்கு வந்தவர் தலைசுற்றி விழுந்திருக்கிறார். கூப்பிட வாய் வரவில்லை. பயத்தில் கை தேடிய முதல் பொருளான சொம்பால் படிக்கட்டைத் தட்டியிருக்கிறார். நானோ அவர் தட்டத் தட்ட மேலே தலை சீவிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் போட்ட கூச்சலில் ஸ்டெல்லா அக்கா ஓடிவந்தார். மடக்கு மடக்காகத் தண்ணீரைக் கொடுத்தார். நான் ஆட்டோவுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியில் வைத்தார்கள். எண் வரவில்லை. 'எச்', 'ஐ' என்று இரண்டு எழுத்துதான் வந்தது. அளக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் அது அப்படித்தான் காட்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபிட்டர் அரைக்கண்ணால் எட்டிப் பார்த்தார்.

"ஹாய் சொல்லுது" என்றார் மெல்ல. "மரியாத தெரிஞ்ச மெஷின்."

ஸ்டெல்லா அக்கா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

ஒரு வாரம் அங்கே இருந்தார். என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் கேட்டுக் கேட்டு, ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பதுபோல விளங்கிக்கொண்டார். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு மூத்திரமாகப் போகிறது, அதனால்தான் தாகம், அதனால்தான் வாய் காய்கிறது. "அப்ப தூசிமேல பழி போட்டது தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். இன்சுலின் ஊசியைத் தானே போடக் கற்றார். அளவுக்கோட்டில் மருந்து மயிரிழை பிசகாமல் நிற்பதைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கலரை அன்றோடு விட்டார். கற்கண்டையும் விட்டார். தண்ணீரைப் பகல் முழுக்கப் பிரித்துக் குடித்தார், படுக்குமுன் பல் துலக்கி வாய் கொப்பளித்தார். முப்பது வருஷம் மெஷினுக்குக் கொடுத்த மரியாதையை அறுபது வயதில் தன் உடம்புக்குக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அதைச் செய்தவர்கள் குறைவு.

அவர் வீடு திரும்பிவிட்டார் என்ற நிம்மதியில் அன்று தெருவே கண்ணசந்தது. மறுநாள் ஏழு மணிக்குப் பார்த்தால், கண்ணம்மா ஏலத்தைக் கோட்டைவிட்டுத் தெருவில் நிற்கிறார், ஸ்டெல்லா அக்கா பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறார், நான் கம்பெனி வண்டியை விட்டுவிட்டு நிற்கிறேன். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு, சோம்பல் முறித்தபடி ஃபிட்டர் வந்தார்.

"என்னா எல்லாரும் நிக்கிறீங்க? ஸ்டிரைக்கா?"

"யோவ் ஃபிட்டரு!" என்று கண்ணம்மா பாய்ந்தார். "நீ வந்துட்டேன்னு நம்பித் தூங்கிட்டேன்யா! ராத்திரி எழுந்திருக்கவே இல்லியா நீ?"

ஃபிட்டர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "இல்ல கண்ணம்மா" என்றார், நம்ப முடியாமல். "படுத்தேன். இப்பதான் முழிக்கிறேன். எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா?"

அன்றைய பிழைப்பை இழந்த கண்ணம்மாதான் முதலில் வாய் திறந்தார். "தூங்குய்யா. நல்லாத் தூங்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அந்த வாரமே தெருவில் மற்றவர்கள் அலாரம் வாங்கினார்கள், நான் என் பழையதைத் தூசி தட்டி எடுத்தேன். அது அவர் காதில் விழக் கூடாது என்று தலையணைக்கு அடியில் வைத்தோம். கண்ணம்மா அலுமினியக் கூடையைச் சத்தமில்லாமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு போவார். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி இரும்புப் படியில் இறங்குவேன். அவர் சன்னல் பக்கம் வந்ததும் நின்று காது கொடுப்பேன். உள்ளே குறட்டைச் சத்தம் கேட்ட பிறகுதான் நடப்பேன்.

சில நாள் அது கேட்கக் கொஞ்சம் நேரமாகும். இரண்டு முறை வண்டியைத் தவறவிட்டிருக்கிறேன்.