எரிவதற்குள் அணைந்த குடிசை

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ஜோசப் ராஜ் அவர்களுக்கு,

இண்டூரிலிருந்து சின்னப்பன் வணக்கத்துடன் எழுதுவது. அந்தோணியார் தயவில் நானும் தங்கள் தங்கை மிக்கேலம்மாளும் நலம். அவளுக்கு முழங்கால், எனக்குச் சர்க்கரை, இவை தவிரக் குறையில்லை. பெங்களூரில் மகள் வீட்டில் தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நிற்க. என் மகன், தங்கள் மருமகன் ஃபிராங்க்ளின் என்னோடு பேசுவதில்லை. சோறு வேண்டுமா என்று கேட்டால்கூட அம்மா வழியாகத்தான் பதில் வருகிறது. போனில் சொன்னால் அவன் காதில் விழுந்துவிடும் என்றுதான் கடிதம். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுத் தாங்கள்தான் அவனுக்கு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

தீத்தொண்டு வாரத்துக்கு இங்கே மாதா கோயில் மைதானத்தில் செயல்விளக்கம் வைத்தார்கள். நம்மைப் போலவே தீயணைப்பில் சேர்ந்த பிள்ளை முதன்முதலாக மைக் பிடித்த நாள், நிலைய அலுவலர் முன்வரிசையில். நான் வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். திறக்கவில்லை மச்சான். ஓலையில் சின்னக் குடிசை கட்டி, கொளுத்தி, நன்றாகப் பற்றிய பிறகு நூற்றியொன்றுக்குப் போன் செய்வது எப்படி, வண்டி வந்து அணைப்பது எப்படி என்று காட்டுவது திட்டம். புகை கிளம்பியதுதான் தாமதம், மாதையன் மனைவி காவேரி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், அவள் பின்னாலேயே குழாயடிக் கூட்டம் மொத்தமும் வந்தது, குடிசை அணைந்தது, அலுவலர் தொப்பலாக நனைந்தார். மறுபடி ஓலை கொண்டுவந்து பற்றவைத்தான். அதற்கும் அதே கதி.

பிள்ளை மைக்கிலேயே கெஞ்சிவிட்டான். "அத்தை, இது செத்த நேரம் எரியட்டுங்க. யாரும் கிட்ட வராதீங்க. வண்டி வந்துதான் அணைக்கணும்."

காவேரி இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. "எரியறத வேடிக்கை பாக்கச் சொல்லி எந்த ஊர்ல தம்பி சொல்லிக் குடுக்கறாங்க? புகையப் பாத்தா மொதல்ல குடம், அப்புறந்தான் கேள்வின்னு உங்கப்பாருதான் சொல்லிக் குடுத்தாரு. நான் கல்யாணமாயி வந்த புதுசு."

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். அந்தச் சிவப்பு வண்டியை நான் ஓட்ட, தாங்கள் பித்தளை மணியை அடிக்க, ஊர் ஊராகப் போனோமே. தொப்பூர்க் கணவாயில் ரேடியேட்டர் கொதித்து நின்றபோது, தண்ணீர் வண்டிக்கே லாரிக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கிண்டல் செய்தார்களே. அன்றைக்கு மைக் ஏது, தாங்களே குடத்தோடு ஓடிக் காட்டுவீர்கள், பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள், முடிந்ததும் களியும் கீரையும் போடுவார்கள். நாம் சொன்னது யார் காதில் ஏறப்போகிறது என்று நாமே நம்பியதில்லை. ஏறியிருக்கிறது. வண்டியை ஏலம் விட்டார்கள், மணி எங்கே போனதோ, காவேரியிடம் மட்டும் நாம் பத்திரமாக இருக்கிறோம்.

பிள்ளைக்கு அது அவமானமாகிவிட்டது. "ஊரு உங்க பேச்சத்தான் கேக்கும், நான் எதுக்கு?" என்று சொன்னவன்தான், அதோடு சரி. அவன் பேசாத வீட்டில் எனக்குக் களி இறங்கவில்லை. ஆகவே தாங்கள் அவனைக் கூப்பிட்டு, குடப் பாடம் தங்களுடையது, எனக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடுங்கள். தாங்கள் தூரத்தில் இருப்பதால் அவன் கோபம் அங்கே வந்து சேராது.

மகள் ஸ்டெஃபிக்கும் பேத்தி பிளசிக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் தங்கள் வீட்டு நெருப்பு அடுப்போடு நிற்கக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
சின்னப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இங்கே பச்சியப்பன் மாட்டுத் தீவனத்துக்கு அடுக்கியிருந்த சோளத்தட்டுப் போர் பற்றிக்கொண்டது. ஊரே திரண்டு, நூற்றியொன்றுக்குச் சொல்லிவிட்டு, ஃபிராங்க்ளின் சொல்லிக் கொடுத்தபடியே கையைக் கட்டிக்கொண்டு எட்ட நின்றது. வண்டி வந்தபோது சாம்பல்தான் மிச்சம். அவன் மாடுகளுக்கு இப்போது நாங்கள் ஆளுக்கொரு கட்டுத் தட்டு கொடுக்கிறோம். புகையும்போதே ஒரு குடம் ஊற்றியிருக்கலாமே என்று பிள்ளை கேட்டதற்கு, "நீதான தம்பி கிட்ட வராதீங்கன்ன" என்றாளாம் காவேரி. நேராக வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "வர்ற வாரம் காரிமங்கலம் சந்தையில விளக்கம் இருக்குதுப்பா. நீங்க குடத்தச் சொல்லுங்க, நான் போனச் சொல்றேன்" என்றான். ஆகவே தாங்கள் அவனிடம் ஒன்றும் பேச வேண்டாம். குடப் பாடம் என்னுடையதாகவே இருக்கட்டும். என் காக்கிச் சட்டைதான் வயிற்றில் பூட்ட மறுக்கிறது. தங்களுடையது பெரிய அளவு, இருந்தால் உடனே பஸ்ஸில் கொடுத்தனுப்பவும்.