செம்பட்டிப் பக்கம் திரும்புங்க

அன்றைக்கு ஸ்டூடியோவில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். ஜவுளிக்கடைக்காரர் சுப்பையா, அவருடைய கடைக் காலண்டருக்காகப் பட்டுச்சேலை கட்டி நிற்க வந்த நாடக நடிகை தனலட்சுமி, துணைக்கு வந்த அவருடைய தாயார், அப்புறம் நான். பாதி நேரம் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளேயே இருந்ததால் என்னை அரை ஆளாகக் கணக்கிட்டாலும் ஆட்சேபணை இல்லை. (பின்னால் யாராவது சாட்சி கேட்டால் என்ன செய்வது என்று இந்தப் பட்டியலை அன்றைக்கே மனப்பாடம் செய்துவிட்டேன். என் சுபாவம் அப்படி.)

அறுபதுகளின் தொடக்கம். நாகல் நகரில் அந்த ஸ்டூடியோவில் எனக்கு இருட்டறை வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். கழுவுகிற படங்கள் நம்மிடம் பதிலுக்குப் பேசாது. இந்த நிம்மதியைக் கெடுத்தவர் என் ஸ்டூடியோக்காரர். கல்யாணப் படமெடுக்க ஒட்டன்சத்திரத்துக்குக் கிளம்பும்போது சொன்னார்:

"படமெடுக்க நாலு கண்ணாடி பிளேட்டு வச்சிருக்கேன். காலண்டர் படம் ஒண்ணு உருப்படியா வந்தா இனிமே கேமரா ஒன் கையில. இல்லேன்னா வேற எடம் பாத்துக்க அப்பு."

வீட்டில் என் சம்பளத்தை நம்பி ஆறு பேர். அந்நியப் பெண்களிடம் நான் அதுவரை மொத்தமாகப் பேசியதே ஆறு வார்த்தை இருக்காது. முதல் நாளே அலங்காரத்துக்கு வைத்திருந்த அட்டைத் தூணின் முன்னால் நின்று, "கொஞ்சம் சிரிங்க" என்று ஒத்திகை பார்த்தேன். தூண் நன்றாகவே ஒத்துழைத்தது.

நடிகையை எப்படிக் கூப்பிடுவது? யோசித்து யோசித்து, "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றேன். தாயார் வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தார்.

"ஏலே, கெழவிய எடுக்கவா காசு குடுக்குறேன்?" என்றார் சுப்பையா.

"யாரு கெழவி? நான் அரிதாரம் பூசி நின்னா, கடைய எழுதி வச்சிட்டுப் போவீக!" என்றார் தாயார்.

நான் துணிக்குள் புகுந்துவிட்டேன். உள்ளே உருவம் தலைகீழாகத் தெரியும். இடம் வலமாகும், வலம் இடமாகும். சாதாரண நாளிலேயே எனக்கு அந்த இரண்டும் குழப்பம். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி, இடம் வலத்துக்குப் பதிலாகப் பக்கத்து ஊர்களைச் சொன்னேன்.

"தாடையச் செத்த செம்பட்டிப் பக்கம் திருப்புங்க."

"செம்பட்டி எங்கிட்டு இருக்கு தம்பி? நாங்க மதுரைக்காரக" என்றார் தனலட்சுமி.

"சாணார்பட்டிக்கு எதிர்ப்பக்கம்."

"என்னலே சொல்றே? செம்பட்டி இந்தா இங்கிட்டுல்ல இருக்கு! வாராவாரம் போறவன் நானு" என்று சுப்பையா கையை நீட்டினார். நடிகை அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். முதல் பிளேட்டில் ஒரு காது விழுந்தது.

இரண்டாவது பிளேட்டைச் சொருகினேன். சொருகிவிட்டால் துணிக்குள் ஒன்றும் தெரியாது. ஆனாலும் உள்ளேயே நின்றேன். (பாதுகாப்புக்கு.) சேலைக்கரை தெரிய வேண்டுமானால் அவர் இடுப்பைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

"நடுவுல உள்ளதக் கொஞ்சம் சாணார்பட்டிப் பக்கம் தள்ளுங்க."

"நடுவுலன்னா எது தம்பி?"

"கரை இருக்குற எடம்."

"கரை சேலை பூராந்தான இருக்கு?"

"அதுல... பாதி வழியில."

தாயார், "அடியே, இடுப்பச் சொல்லுதுடி அந்தப் புள்ள!" என்று கூவினார். அதிர்ச்சியில், படம் பிடிக்க அமுக்குகிற கேமராவின் ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன். தாயாரைத் திரும்பிப் பார்த்த நடிகையின் கொண்டை மட்டும் பதிந்தது.

மூன்றாவது பிளேட்டையும் போட்டுத் தயாராக நின்றபோது, தனலட்சுமியே வந்து துணியைத் தூக்கினார். "வெளிய வாங்க தம்பி. எப்படி நிக்கணும்னு நீங்களே நின்னு காட்டுங்க."

பந்தைச் சுப்பையாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கடையிலிருந்து வந்திருந்த இன்னொரு சேலையை என் தோளில் போட்டுவிட்டார் தனலட்சுமி. நான் இடுப்பில் கை வைத்து, தாடையைச் செம்பட்டிக்கும் கண்ணைச் சாணார்பட்டிக்கும் அனுப்பி, உள்ளபடியே லயித்து நின்றேன். அன்றைக்கு எனக்குப் பயம் விட்டுப்போன முதல் நிமிடம் அது.

'பொசுக்' என்று ஒரு சத்தம்.

"இந்தப் பந்து எதுக்குலே?" என்று கேட்டார் சுப்பையா, அமுக்கிய பிறகு.

தனலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் தாடை, கழுத்து, இடுப்பு, கரை எல்லாம் தாமாகவே அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. துணிக்குள் ஒளியாமல், வாயைத் திறக்காமல், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நாலாவது பிளேட்டில் அவரை எடுத்தேன். காலண்டருக்குப் போனது அந்தப் படம்தான். கேமரா என் கைக்கு வந்தது.

"படத்துக்குக் கூலி இருபத்தஞ்சு ரூபாயக் கடையில நீயே வாங்கிக்க" என்றார் ஸ்டூடியோக்காரர். ஆனால் நேர்மையான மனிதர். நன்றாக விழுந்த இரண்டு படங்களையும் கடைக்கு அனுப்பியிருந்தார். நான் போய்க் கேட்டபோது சுப்பையா மேசை இழுப்பறையிலிருந்து மூன்றாவது பிளேட்டில் விழுந்த படத்தை எடுத்தார். "அடுத்த வருசத்துக்கு இதப் போட்டிருவமா?"

கூலியை வாங்காமலே திரும்பி வந்தேன்.

என் கல்யாணச் சேலையை அந்தக் கடையில்தான் எடுத்தோம். அவர் அந்தப் படத்தை என் மனைவியாகப் போகிறவளிடமே காட்டினார். இன்றைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும் அவள் சேலையை என் தோளில் போட்டுத்தான் பார்க்கிறாள். பிள்ளைகள் எதிரே நின்று கரை எடுப்பாக இருக்கிறதா என்று சொல்கிறார்கள்.

கல்யாணம் முடிந்ததும், இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் மறுபடி சுப்பையாவிடம் போய்க் கூலியைக் கேட்டேன். "கல்யாணச் சேலையில கழிச்சிட்டேனேப்பா" என்றார்.

"எம்புட்டு?"

"இருவது."

எனக்கு வரவேண்டிய பாக்கி ஐந்து ரூபாய்.